வெள்ளியில் நகரம் தெரிகிறதா?

வெள்ளிக் கோளில் பாழடைந்த நகரங்கள் இருக்கின்றன, நாசா மறைக்கிறது என்று சொல்லும் காணொளிகள் அவ்வப்போது கைப்பேசிகளில் வலம் வருகின்றன. ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் மகெல்லன் விண்கலத்தின் படங்கள். படங்கள் அசல்தான். மறைப்பதாகச் சொல்லப்படும் அதே நாசாதான் அவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது.

நம்பிக்கை: இவை வானிலிருந்து எடுத்த புகைப்படங்கள்.

உண்மை: வெள்ளியை மூடியிருக்கும் மேகத்தைத் தாண்டிச் சாதாரணக் கேமராவால் பார்க்க முடியாது. அதனால் 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றிய மகெல்லன், 12.6 செ.மீ. அலைநீள ரேடியோ அலைகளைப் பக்கவாட்டில் சாய்வாக அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைப் பதிவு செய்தது. கோளின் 98 சதவீதப் பரப்பு இப்படித்தான் வரைபடமானது. இதில் வெளிச்சம், நிழல் என்று கண் நினைப்பது வேறு. கரடுமுரடான பாறையும் விண்கலத்தைப் பார்த்த சரிவும் வெள்ளையாகத் தெரியும். வழவழப்பான எரிமலைக் குழம்புச் சமவெளி கறுப்பாகத் தெரியும். கறுப்பு என்றால் பள்ளம் என்று படித்தால் முதல் அடியிலேயே தடம் மாறிவிடும்.

இன்னொரு வினோதமும் உண்டு. எந்த எதிரொலி முதலில் வந்ததோ அது அருகில் இருப்பதாக ரேடார் கணக்கிடும். மலையின் அடிவாரத்தைவிட உச்சி விண்கலத்துக்குப் பக்கம் என்பதால், படத்தில் மலை விண்கலத்தை நோக்கிக் கவிழ்ந்து கிடக்கும். ‘செங்குத்துச் சுவர்’, ‘பிரமிடு’ என்று வட்டமிட்டுக் காட்டப்படுவதைப் பார்க்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நேர்க்கோட்டில் ஓடும் ‘மதில்’ என்றால் இன்னும் எளிது: ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 20 கி.மீ. அகலப் பட்டையாக எடுத்து ஒட்டிய படம் அது. ஒட்டிய இடம் கோடாகத் தெரியும், தரவு வராத இடம் கறுப்புப் பட்டையாக நிற்கும்.

நம்பிக்கை: செம்மஞ்சள் நிறத்தில் வானளாவும் மலைகளைப் பார்த்தோமே!

உண்மை: ரேடாருக்கு நிறம் தெரியாது. சோவியத் வெனெரா 13, 14 கலங்கள் 1982-இல் தரையில் இறங்கி அனுப்பிய படங்களைப் பார்த்துப் பின்னால் பூசிய நிறம் அது. வெள்ளியின் எரிமலையான மாட் மலையின் புகழ்பெற்ற படத்தில் உயரம் பல மடங்கு இழுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. இந்த விஷயத்தில் நாசாவின் விளம்பர ஆர்வத்தையும் கொஞ்சம் குறை சொல்லலாம்.

நம்பிக்கை: இயற்கையில் இவ்வளவு ஒழுங்கு வராது.

உண்மை: நியாயமான சந்தேகம். குவினெவிர் சமவெளியின் ஓரத்தில் இருவகைக் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன; ஒரு வகைக் கோடுகளுக்கு இடையே சுமார் 1 கி.மீ. இடைவெளி, அப்படியே சீராக. விஞ்ஞானிகளே அதற்கு ‘கிராஃப் தாள்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தெரு அமைப்பு என்று ஆசைப்பட இடமிருக்கிறது. ஆனால் மகெல்லன் படங்களில் ஒரு புள்ளியே தரையில் 75 மீட்டர். ஒரு கால்பந்து மைதானம் முழுவதும் ஓரிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அந்தக் கோடுகளை வீதி என்றோ வீடு என்றோ பிரித்தறியப் படத்தில் இடமே இல்லை. சீரான பாறை அடுக்கு இழுபட்டால் சம இடைவெளியில் விரிசல் விடும் என்பது பூமியிலும் தெரிந்த சங்கதி. ஆல்ஃபா பகுதியின் கிழக்கே சுமார் 25 கி.மீ. விட்டத்தில் வரிசையாக நிற்கும் வட்டக் குன்றுகளும் அப்படித்தான். கெட்டியான எரிமலைக் குழம்பு சமதரையில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவினால் வட்டம் தானே வரும்.

வெள்ளியின் தரையில் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகிவிடும். வெள்ளியில் உயிர் இருக்குமா என்று ஆய்வாளர்கள் பேசுவதும் மேகங்களின் உயரத்தைப் பற்றித்தான். அதற்கான கருவி ரேடார் அல்ல, நிறமாலைமானி.

நம்பிக்கை: அப்படியானால் பழைய படங்களில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை.

உண்மை: இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆய்வாளர்கள் ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி இருவரும் மாட் மலைப் பகுதியை மகெல்லன் 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். சுமார் 2.2 சதுர கி.மீ. இருந்த எரிமலை வாய் 4 சதுர கி.மீ. அளவுக்கு விரிந்து, வடிவமும் மாறியிருந்தது. இரண்டு படங்களும் வெவ்வேறு திசையிலிருந்து எடுத்தவை என்பதால், இது ரேடாரின் சாய்வு செய்யும் மாயமாக இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. வாயின் வடிவத்தைக் கணினியில் பலவாறு மாற்றிப் பார்த்து, கோணத்தால் மட்டும் இந்த வேறுபாடு வராது என்று தெரிந்த பிறகே 2023 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள்.