இல்லக் கல்வியும் அன்றாடப் பதிவேடும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிள்ளைக்கு இல்லத்திலேயே கல்வி புகட்ட 1988ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. ஆண்டுக்கு 180 நாள்கள், அல்லது தொடக்கநிலைக்கு 900 மணி, உயர்நிலைக்கு 990 மணி நேரம் கற்பித்தல் வேண்டும். அதற்குச் சான்று பெற்றோர் பேணும் பதிவேடே. பயன்படுத்திய நூல்களின் பெயர்களைக் கற்பிக்கும் காலத்திலேயே குறித்துவர வேண்டும் என்பது விதி. ஆண்டிறுதியில் நினைவைத் துழாவி எழுதுவது பதிவாகாது. (நம் பாடக்குறிப்பேடுகள் எழுதப்படும் வேளையை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்!)

அச்சிட்ட ஏட்டின் கட்டங்கள் யாரோ ஒரு பிள்ளைக்கு அளவெடுத்தவை. வளையக் கோப்பாயின் தம் பிள்ளைக்குரிய பிரிவுகளைத் தாமே வகுக்கலாம். நாளுக்கொரு தாள், அதில் தேதி, நூல், பக்கம், நேரம். பின்னே பிள்ளையின் எழுத்துத் தாள்கள். பிழை மலிந்த தாளை நீக்கிவிடும் ஆசை எழும், நீக்கலாகாது. செப்டம்பர்த் தாளின் பிழை மே மாதத் தாளில் இல்லாதிருப்பதே மதிப்பீட்டாளர் தேடும் வளர்ச்சி.