பழைய படத்துக்கு நல்ல டிவிடி எது?

கேள்வி: பழைய படங்களை டிஸ்க்கில் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எங்கே தொடங்கியது? என்னிடம் ஒரே படத்தின் இரண்டு டிவிடி இருக்கின்றன. ஒன்று பளிச்சென்று இருக்கிறது, மற்றது மங்கல். ஏன் இப்படி?
(வாசகர் ஒருவர், சித்தேரி, தருமபுரி மாவட்டம்)

பதில்: தொடங்கியது அமெரிக்காவில். 1978 டிசம்பரில் அங்கே லேசர் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. எல்.பி. இசைத்தட்டு அளவு, 30 செ.மீ. அகலம். ஆனாலும் பழைய படங்களுக்கு மரியாதை தேடித் தந்தது 1984இல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ இரண்டையும் வெளியிட்ட கிரைட்டீரியன் நிறுவனம்தான். கைக்குக் கிடைத்த பிரிண்டைப் பதிந்து விற்காமல், இருப்பதில் நல்லதைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு அகலத்திரைப் படங்களின் ஓரத்தை வெட்டாமல், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுதாகத் தந்தார்கள்.

நம்மூரில் பரவியது விசிடி என்ற வீடியோ சிடி. அதில் 74 நிமிடம்தான் கொள்ளும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் மூன்று தட்டாக வந்தது அதனால்தான். 1996இல் ஜப்பானில் டிவிடி பிறந்தது. இந்தியாவில் 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, சாதாரணக் குடும்பங்களும் அலமாரியில் படங்களை அடுக்க முடிந்தது.

இனி மங்கலுக்கு வருவோம். விசிடியில் ஒரு பிரேமுக்குச் சுமார் 1 லட்சம் புள்ளிகள், டிவிடியில் 4 லட்சம், பின்னால் வந்த ப்ளூரே டிஸ்க்கில் 20 லட்சம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எதிலிருந்து பதிந்தார்கள் என்பதுதான் முக்கியம். நெகட்டிவிலிருந்து எடுத்தால் நடிகரின் புருவ முடிகூடத் தனித்தனியாகத் தெரியும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்தால் மழைதான் பெய்யும். அதையே முன்பு டிவிக்காக டேப்பில் ஏற்றி, அந்த டேப்பிலிருந்து டிவிடி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் மங்கல் டிவிடியும் பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நல்ல பதிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் டைட்டிலைப் பாருங்கள். பெயர்களின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால், படம் முழுக்க அந்த அளவுக்குக் காட்சி போயிருக்கிறது என்று அர்த்தம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்றவற்றில் இது பெரிய இழப்பு. அரசவையில் நிற்கும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இப்போது இதற்கு நேர்மாறான கொடுமையும் நடக்கிறது. பழைய சதுரப் படத்தை அகல டிவிக்காக மேலும் கீழும் வெட்டித் தலையில்லாமல் விடுகிறார்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அடுத்து, முகம் பெரிதாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். தோலில் மணல் தூவியது போல் மெல்லிய துகள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அது பிலிமுக்கே உரியது. கணினியில் அதை அளவுக்கு மீறித் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும். ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால், கூர்மையை வலிந்து ஏற்றியிருக்கிறார்கள். படம் முழுக்க ரோஜா நிறம் அடித்தால் பிரிண்டின் சாயம் போய்விட்டது. ‘ஒரே டிவிடியில் மூன்று படம்’ என்றால் தொடவே வேண்டாம். இடம் போதாமல் நசுக்கியிருப்பார்கள். சண்டைக் காட்சியில் கட்டம் கட்டமாக உடையும்.

நம் மண்ணில் எடுத்த படத்துக்குச் சரியான கவனிப்பு கிடைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ‘கல்பனா’ (1948) போதும். நடனக் கலைஞர் உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தது, ஒளிப்பதிவு கே. ராம்நாத். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு இத்தாலியின் பொலோன்யாவில் அதைச் சீரமைத்து 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. தொண்ணூறைக் கடந்த நாயகி அமலா சங்கர் நேரில் வந்து பார்த்தார். 2022இல் ப்ளூரேயும் வந்துவிட்டது. சித்தேரி மலையிறங்கி சேலம் போனால் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவு வளைவு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்ததுதான். அதற்கும் இப்படியொரு ப்ளூரே வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: மலையில் ஈரம் அதிகம். டிஸ்க்குகளை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பெட்டியில் போட்டு, புத்தகம் போல் நிற்க வையுங்கள். வெயில் படக் கூடாது. துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது வீட்டிலோ கடையிலோ எழுதிய டிஸ்க். சாயம் சீக்கிரம் கெடும். அதில் உள்ளதை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.