மெய்நிகர் கணினி படுத்தால் முதலில் கோப்பை நகலெடுங்கள்

மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியும் தி.நகரின் உள்சந்துகளிலும் இருக்கிற டிடிபி சென்டர்கள் சிலவற்றில் இன்றைக்கும் பேஜ்மேக்கர் 7-தான் ஓடுகிறது. 2001-ல் வந்த மென்பொருள் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்ததையொட்டி டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் வந்தன. அந்தக் குறியீட்டு எழுத்துருக்களில் தட்டிய புத்தகங்களும் மலர்களும் அழைப்பிதழ்களும் பேஜ்மேக்கர் கோப்புகளில்தான் இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. பழைய கணினி உட்கார்ந்துபோனதும் பலர் புதியது வாங்கி, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் போட்டு, எக்ஸ்பியை அப்படியே உள்ளே ஒரு மெய்நிகர் கணினியாக வைத்துக்கொண்டார்கள். சில ஆடிட்டர் அலுவலகங்களிலும் இதே கதைதான். அங்கே பேஜ்மேக்கருக்குப் பதில் பழைய கணக்கு மென்பொருள்.

இந்த மாதிரி சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "சார், எக்ஸ்பி போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றுதான் பெரும்பாலும் போன் வரும். ஒன்றையும் தொடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். எக்ஸ்பி அநேகமாக நன்றாகவே இருக்கும். அடிபட்டிருப்பது அதைத் தாங்கி நிற்கும் வட்டுக் கோப்பு. விடிஐ, விஎம்டிகே என்ற பெயர்களில் இருக்கும் அந்த ஒரு பெரிய கோப்புக்குள்தான் உள்கணினியின் முழு ஹார்டு டிஸ்கும் அடங்கியிருக்கிறது.

நான் அடிக்கடி பார்க்கும் காரணம் மிகச் சாதாரணமானது: வெளிக்கணினியில் இடம் தீர்ந்துவிடுவது. உருவாக்கும்போது 80 ஜிபி என்று கொடுத்திருந்தாலும் கோப்பு முதலில் சில ஜிபிதான் இருக்கும்; உள்ளே எழுத எழுத வளரும். உள்ளே எதையாவது அழித்தால் அந்த இடம் வெளியே தானாகத் திரும்பி வராது. உள்ளே பார்த்தால் பாதி வட்டு காலி என்று காட்டும், வெளியே டி டிரைவ் நிரம்பியிருக்கும். அந்த நிலையில் விர்ச்சுவல்பாக்ஸ் உள்கணினியை இடைநிறுத்தி வைக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்ல வேண்டாம். வெளியே சில ஜிபி இடம் ஒதுக்கிவிட்டுத் தொடரச் சொன்னால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே ஓடும்.

இடம் ஒதுக்குகிறேன் என்று செய்கிற காரியத்தில்தான் அடுத்த ஆபத்து வருகிறது. விஎம்வேர் ஃபோல்டரில் 000001, 000002 என்று எண் போட்ட விஎம்டிகே கோப்புகளைப் பார்த்து, பழைய பேக்கப் போலிருக்கிறது என்று ஊழியர் அழித்துவிடுகிறார். அவை ஸ்னாப்ஷாட்டின், அதாவது உள்கணினியை அந்த நேர நிலையில் பிடித்து வைப்பதன், பிள்ளைக் கோப்புகள்; முதலில் இருந்த வட்டுக் கோப்புதான் தாய். ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து தாய்க்கோப்பில் எழுத்து நின்றுவிடும். பேரேட்டை மூடி வைத்துவிட்டுத் திருத்தங்களைப் புது நோட்டில் எழுதுவது போல, அதற்குப் பின் நடந்ததெல்லாம் பிள்ளைக் கோப்பில்தான் பதிவாகும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து மறந்திருந்தால், அந்த இரண்டு வருட வேலை முழுவதும் எண் போட்ட கோப்பில் இருக்கிறது என்று பொருள்.

இதே சங்கிலி இன்னொரு விதத்திலும் அறும். தாய்க்கோப்பை மட்டும் வேறொரு மெய்நிகர் கணினியில் இணைத்துத் திறந்து பார்த்தால், அதன் அடையாள எண் மாறிவிடும். பிள்ளைக் கோப்பு பழைய எண்ணையே நினைவில் வைத்திருப்பதால், தாய் மாறிவிட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும். விஎம்டிகேயின் விவரக் கோப்பு வெறும் உரைதான். எண்ணைக் கையால் சரிசெய்ய முடியும், திறக்கவும் திறக்கும். ஆனால் இடையில் தாய்க்கோப்பில் உண்மையாகவே எழுத்து நடந்திருந்தால், திறந்த பிறகு கோப்பு முறைமை குழம்பிக் கிடக்கும். அதனால் இந்தத் திருத்தத்தை நகலில் மட்டுமே செய்வேன். அசலில் செய்யச் சொல்லி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சம்மதிக்க மாட்டேன்.

மின்சாரம் போவது மூன்றாவது காரணம். 2016 வர்தா புயலிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் நகரத்தின் பல பகுதிகள் இருட்டில் கிடந்தன. மிக்ஜாம் முடிந்த வாரத்தில் எனக்கு வந்த அழைப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். விஎம்வேர் என்றால் எல்சிகே என்று முடியும் பூட்டு ஃபோல்டர்கள் மிஞ்சி நிற்கும். வேறெந்த விஎம்வேர் செயலும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அவற்றை வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும். பூட்டை எடுத்த பிறகும் திறக்காவிட்டால், எழுதிக்கொண்டிருந்த பாதியில் கோப்பு நின்றிருக்கலாம்.

அப்போது வரிசை முக்கியம். முதலில் முழு ஃபோல்டரையும் வேறொரு வட்டுக்கு நகலெடுப்பது. எக்ஸ்டர்னல் டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, என்டிஎஃப்எஸ் போன்றது வேண்டும். நகலெடுக்கும்போதே படிக்க முடியவில்லை என்று பிழை வந்தால், வெளி ஹார்டு டிஸ்கே சாகிறது. ரிப்பேர் எதையும் ஓட்டாமல் தரவு மீட்புக் கருவியால் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும். நகல் சுத்தமாக வந்துவிட்டால், விஎம்வேரோடு வரும் வட்டு மேலாளரின் ரிப்பேர் வசதியை நகலின் மேல் ஓட்டலாம். எக்ஸ்பிக்குள் செக்டிஸ்க் ஓட்டுவது கடைசியில்தான். கோப்பின் அமைப்பே சரியில்லாதபோது செக்டிஸ்க் ஓட்டினால், மீட்கக்கூடிய பக்கங்களையும் அது துண்டுகளாக்கிவிடும்.

யுபிஎஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிச்சி தெருவில் நல்லது கிடைக்கிறது, வாங்கியும் வைக்கிறார்கள். ஆனால் சென்னை வெக்கையில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். அடையாறு கடலோரப் பக்கம் இணைப்புகளில் துருவும் ஏறும். ஷட்டவுன் செய்யும் அளவுக்காவது அது தாங்குகிறதா என்று மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உள்கணினியை மூடிவிட்டு.

ஒரு பதிப்பாளரின் முப்பது வருடப் புத்தகங்கள் ஒரே விடிஐ கோப்பில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் நகல் இல்லை. ஆசிரியர்களில் சிலர் உயிரோடும் இல்லை. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு கோப்பு இருந்தால், இந்த வாரமே ஸ்னாப்ஷாட்களை முறைப்படி மென்பொருள் வழியாக நீக்கி ஒன்றாக்குங்கள். பிறகு உள்கணினியைச் சஸ்பெண்டில் விடாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, ஃபோல்டரை இரண்டு வட்டுகளுக்கு நகலெடுங்கள். அதில் ஒன்றை இன்னொரு கணினியில் திறந்து, பேஜ்மேக்கரில் ஒரு பக்கம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.