பொதிகைக் குளிருக்குத் தடித்த ஜாக்கெட் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

தை மாதம் போணக்காடு வழியாகப் பொதிகை உச்சியான அகத்தியர்கூடத்துக்கு முதல்முறையாக நீயே ஆள் கூட்டிப் போகிறாய் என்று கேள்விப்பட்டதில் சந்தோஷம். வருகிறவர்கள் எல்லாரையும் வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட் வாங்கச் சொல்லியிருக்கிறாயாமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. யாரும் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

திருநெல்வேலிக்காரனுக்குக் காட்டில் தங்குவது புதிதல்ல. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்கிய ஊர் இது. ஆனால் அது மலையடிவாரம். ஆற்றில் குளித்துவிட்டு ஈரச் சாரத்தோடு நின்றாலும் அரை மணியில் உடம்பு காய்ந்துவிடும். அதே பழக்கத்தோடு மேலே ஏறுவதுதான் வினை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். பாளையங்கோட்டையில் இரவு 22 டிகிரி இருந்தால் உச்சியில் பத்துப் பதினொன்று இருக்கும். வெறும் எண்ணாகப் பார்த்தால் இது பெரிய குளிரே இல்லை. ஆனால் உடம்பின் சூடு ஆபத்தான எல்லையான 35 டிகிரிக்குக் கீழே இறங்க உறைபனி தேவையில்லை. நனைந்த துணியும் வீசுகிற காற்றும் சேர்ந்தால் பத்து டிகிரியே போதும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். நம் மலையில் குளிர் என்பது ஈரம்தான். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பார், குடை, கம்பளி, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஒரே பிரிவில் சொன்னது. மாஞ்சோலையிலும் நாலுமுக்கிலும் ஊத்திலும் மழையில் நின்று கொழுந்து பறித்தவர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே முதலில் பருத்தியை விடு. வெயிலில் பருத்தி நமக்குத் தெய்வம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கும். மலையிலும் அதே வேலையைத்தான் செய்யும், அங்கே அது வேண்டாத வேலை. ஜீன்ஸ் அதைவிட மோசம். நனைந்தால் கனக்கும், மறுநாள் காலை வரை காயாது. உள்ளே போட உன் கபடி ஜெர்சியே போதும். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. நாற்றம் அடிக்கும், அடிக்கட்டும்.

அதற்கு மேல் ஃப்ளீஸ். இதுவும் பாலியஸ்டர்தான், பஞ்சுபோல் கிளப்பிவிட்ட பின்னல். 1980-களில் பரவிய பிறகு மலையேறிகளின் கம்பளி ஸ்வெட்டரை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டது. நனைந்தால் பிழிந்து உதறிப் போட்டுக்கொள்ளலாம். திருப்பூர்க்காரர்கள் சொல்கிற கணக்கில் (சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம்) 100 ஜி.எஸ்.எம் ஒன்று, 200 ஜி.எஸ்.எம் ஒன்று வாங்கு. ஒரே தடித்த ஸ்வெட்டரை விட இரண்டு மெல்லியவை மேல், ஏனென்றால் ஒன்றைக் கழற்றலாம். கம்பளியும் ஈரத்தில் சூடு தரும்தான். ஆனால் ஆட்டுக்கிடை போடுகிறவர்களின் கம்பளியை முதுகில் சுமந்து ஏறிப் பார், பாதி வழியில் வீசிவிடத் தோன்றும்.

ஃப்ளீஸின் குறை, காற்று உள்ளே புகுந்துவிடும். அதற்குத்தான் மேலே ஒரு மழைச்சட்டை. 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த சவ்வைச் சொல்லி ‘மூச்சு விடும் துணி’ என்று பத்தாயிரத்துக்கு மேல் விலை சொல்வார்கள். உள்ளே இருக்கும் நீராவி வெளியேற வேண்டுமென்றால் வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் நடக்கிறவனுக்கு அந்தச் சவ்வு அவ்வளவாக உதவாது. அக்குளில் ஜிப் வைத்த, தொளதொளப்பான சாதாரணச் சட்டை போதும் என்பது என் முடிவு.

அடுக்கடுக்காக உடுத்துவது புதிய வித்தையும் அல்ல. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது பட்டு, பருத்தி, கம்பளி என்று பல மெல்லிய அடுக்குகள் மேலே இருந்தன. அதேபோல் தைத்த உடையை 2006-இல் எவரெஸ்டில் போட்டுப் பார்த்து, லேசாகவும் வெதுவெதுப்பாகவும் இருப்பதாகச் சொன்னார்கள்.

டவுன் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். எடைக்கு எடை வாத்துத் தூவியைப் போலச் சூடு தருவது வேறில்லை, உலர்ந்திருக்கும் வரை. லடாக் போனால் வாங்கு. ஈரம் பட்டால் தூவி கட்டி கட்டியாகச் சேர்ந்து வெறும் பையாகிவிடும். பொதிகைக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்த மெல்லிய ஜாக்கெட் போதும். அதுவும் தங்குமிடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மங்கி குல்லாவை மட்டும் கேலி செய்யாதே. காதையும் கழுத்தையும் மூட இவ்வளவு லேசாக, இவ்வளவு மலிவாக வேறெதுவும் கிடையாது.

இனி, கடையில் வாங்க முடியாத ஒன்று. தங்குமிடமான அதிருமலைக்கு முன்னால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிற ஏற்றம் வரும், முட்டிடிச்சான். அங்கே ஃப்ளீஸோடு ஏறுகிறவன் மேலே போகும்போது வியர்வையில் தொப்பலாகியிருப்பான், பிறகு காற்று அடிக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே எல்லாரையும் நிறுத்திக் கழற்றச் சொல். லேசாகக் குளிர்கிறது என்று முனகுவார்கள், முனகட்டும். மேலே நின்றதும் வேர்வை ஆறும்வரை காத்திருக்காமல் உடனே போடச் சொல். பட்டன் போடத் தடுமாறுகிறவனையும் பேச்சு குழறுகிறவனையும் கவனி. நடுங்கிக்கொண்டிருந்தவன் குளிரிலேயே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டான் என்று நினைக்காதே, நிலைமை முற்றுகிறது. ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி போர்த்தி, உடனே உதவி தேடு.

இரவுக்கு ஒரு செட் உலர்ந்த துணியைப் பாலித்தீன் பையில் கட்டி வை, என்ன ஆனாலும் பகலில் பிரிக்கக் கூடாது. காட்டில் தீ மூட்டி உலர்த்தலாம் என்ற நினைப்பே வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட வனம். படுக்க ஃபோம் பாய் எடுத்துக்கொள். பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தரையின் குளிரைத் தடுக்கிற கனம் அதற்கில்லை. உடம்பின் கனத்தில் நசுங்கிவிடுவதால் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கமும் தடுக்காது.

ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய். கிளம்புகிற அன்று, வண்டி ஏறும் முன், ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்து, ஜீன்ஸ் இருந்தால் கூச்சப்படாமல் எடுத்து வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்