செயின் சத்தம் போட்டால் முதலில் இறுக்காதீர்கள்
பழைய பைக் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெல்ட்டில் ஓடும் பைக் ராசிபுரத்தில் கண்ணில் படுவது அபூர்வம். இங்கே எல்லாம் செயின்தான். 1985இல் வந்த சிடி 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் இரண்டுக்குமே முழு செயின் கவர். சேலை, வேட்டி சிக்காது, நல்லதுதான். ஆனால் கண்ணில் படாத செயினை யாரும் நினைப்பதில்லை. சத்தம் வந்த பிறகு “கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்கண்ணா” என்று பட்டறையில் நிற்கிறோம். பாதி நேரம் கேட்க வேண்டியது அது இல்லை.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

சீராக ‘கிரீச்’ என்றால் செயின் காய்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் ‘சரக் சரக்’ என்றால் தொய்ந்துபோய் கவரில் அடிக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு இடி வந்தால் செயினோடு ஹப் ரப்பரையும் சந்தேகப்படுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கினால் அது நன்றாகத் தெரியும். சக்கரம் சுற்றும்போது ‘உர்ர்’ என்று உறுமினால் பேரிங். அதற்கு செயினை என்ன செய்தும் பயனில்லை.

துடைத்து எண்ணெய் விடுங்கள்

சென்டர் ஸ்டாண்ட், நியூட்ரல், சாவி கையில். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினில் துணி பிடிக்கவே வேண்டாம், விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

கவரைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம். குச்சிக்கிழங்கு காட்டு மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்த அந்தக் கருப்புக் களிம்பு, செயினை அரைக்கும் உப்புத்தாள் மாதிரி. துடைத்துக் காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைக் கண்ணிகளின் இடுக்கில் விட்டு, கால் மணி நேரம் கழித்து மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளக்கும் எண்ணெய் புழுதியைத்தான் இழுக்கும். பல வண்டிகளின் சத்தம் இங்கேயே நின்றுவிடும்.

தொய்வை அளங்கள்

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசையுங்கள். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. ஓரிடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். பழைய செயின் ஒரே அளவாக நீளாது. ஓரிடம் இறுகியும் ஓரிடம் தொங்கியும் இருக்கும். இறுகிய இடத்தை வைத்தே கணக்கு. தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால், பின்னால் ஆள் ஏறியதும் செயின் வில் நாணாகிவிடும். கியர்பாக்ஸ் பேரிங்கும் ஹப் பேரிங்கும் அடி வாங்கும். ஒருமுறை நானே அப்படி இறுக்கி, செயின் சத்தத்தைக் கொடுத்து பேரிங் சத்தத்தை வாங்கினேன்.

இப்போது இறுக்கலாம்

ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். சில மாடல்களில் செயின் பக்கம் ஸ்லீவ் நட் என்று இன்னொன்று இருக்கும், அதையும்தான். இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சக்கரம் கோணி ஓடும். நட்டுகளை முறுக்கியபின் மறுபடி அளங்கள். சக்கரம் பின்னால் போனதால் பின் பிரேக்கும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ரோட்டில் ஏறாதீர்கள்.

மாற்ற வேண்டிய நேரம்

பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்பக்கம் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலோ முடிந்தது. செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரம் வீணாகும். செயின் லாக் மாட்டும்போது மீன் நீந்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: மூடிய முனை தலை, செயின் ஓடும் திசையில்; பிளந்த முனை வால்.

வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால்

அங்கேதான் பெல்ட் இருக்கிறது, இடது பக்கக் கவருக்குள். கிளம்பும்போது கிறீச்சிட்டாலோ அதிர்ந்தாலோ உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம், பெல்ட்டோ கிளட்ச்சோ தேய்ந்திருக்கலாம். கவரைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் புது பெல்ட்தான். செயினுக்கு மிச்சமான அந்த 90 ஆயிலை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் பெல்ட் வழுக்கும்.