பீரோவில் பூட்டிய கேமராவுக்குப் பூஞ்சை எப்படி வந்தது?

கேள்வி: அப்பா நாகப்பட்டினத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய யாஷிகா மேட் 124 ஜி, ஆக்ஃபா கிளிக் III இரண்டையும் தோலுறையோடு பீரோவில் பூட்டி, பாச்சை உருண்டையும் போட்டு வைத்தேன். யாரும் தொடவே இல்லை. அப்படியும் யாஷிகாவின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. எப்படி?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நல்ல கேள்வி. யாரும் தொடவே இல்லை என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் பாச்சை உருண்டையை எடுத்துவிடுங்கள். அது பூச்சியை விரட்டுமே தவிர பூஞ்சையைத் தடுக்காது. அதிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியவும் கூடும்.

பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றியதும் அல்ல. அதன் நுண்வித்துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத விதைகள், காற்றில் எங்கும் உண்டு. உங்கள் லென்ஸுக்குள்ளும் முன்பே இருந்திருக்கும். அவை முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும். கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில், காற்றோட்டமில்லாத பீரோவுக்குள் வேறென்ன நடக்கும்? பத்திரம் என்று நினைத்த தோலுறைதான் இதில் பெரிய குற்றவாளி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். உறையைத் தனியே வையுங்கள்.

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் கேமராக்களை வைத்து, சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போடுங்கள். கூடவே ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று. 40–50 சதவீதம் சரியான அளவு. 30-க்குக் கீழே போக விடாதீர்கள். கேமரா மேல் ஒட்டிய தோல் சுருங்கி உரியும். சிலிகா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்வார்கள், வேண்டாம். அரிசி மாவுத்தூள் லென்ஸுக்கு ஆகாது.

124 ஜி-யில் ஒளிமானிக்கான மெர்குரி பேட்டரி இன்னும் உள்ளே இருக்கிறதா பாருங்கள். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும். மாதம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்து, ஒரு நொடி வரையுள்ள மெதுவான வேகங்களிலும் ஷட்டரை இயக்குங்கள். உள்ளிருக்கும் எண்ணெய் இறுகாமலிருக்க இது உதவும். திரும்ப வைக்கும்போது ஷட்டரின் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் இருக்கக்கூடாது.

இனி, வந்துவிட்ட பூஞ்சை. பின்கதவைத் திறந்து, வேகத்தை 'பி'-யில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான நூல்கள் என்றால் நல்ல மெக்கானிக் லென்ஸைப் பிரித்துத் துடைத்துவிடுவார். நாளாகியிருந்தால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை, அதாவது ஒளி தெறிப்பதைக் குறைக்கும் மெல்லிய பூச்சை, அரித்திருக்கும். அந்தத் தழும்பு போகாது. ஆனாலும் கேமராவை ஒதுக்கிவிடாதீர்கள். சின்னத் தழும்புகள் படத்தில் தெரிவது அபூர்வம். வெயிலை எதிர்நோக்கி எடுத்தால் மட்டும் படம் கொஞ்சம் வெளிறும்.