முன்பணம் கட்டுவதற்கு முன்



பிளஸ் 2 முடிவும் நீட் முடிவும் வந்த கையோடு, பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றன. பவர்டேபிளிலும் செக்கிங்கிலும் நின்று காலம் கழித்த பெற்றோர், தம் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏஜென்டிடம் முன்பணம் கட்டி, ரசீதை மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை. அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சீனா சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்று மேடைகளில் சொல்லப்படும் செய்தி, நபிமொழியாக உறுதிப்படாதது என்பதை ஆலிம்கள் அறிவார்கள். கல்விக்காகப் பயணம் செய்வதற்கோ நம் மரபில் சான்று தேட வேண்டியதில்லை. இமாம் புகாரி அவர்கள் புகாராவிலிருந்து புறப்பட்டு மக்கா, பக்தாத், பஸ்ரா, எகிப்து என்று சுற்றித்தான் ஹதீஸ்களைத் திரட்டினார்கள். ஆனால் நம் காலத்தில் உண்மையாகவே சீனா சென்ற மாணவர்களுக்கு நேர்ந்ததையும் நினைவில் வையுங்கள். 2020 தொடக்கத்தில் கொரோனாவால் ஊர் திரும்பிய மருத்துவ மாணவர்களுக்கு, மறுபடியும் விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான். இரண்டரை ஆண்டுகள் அவர்கள் செல்போன் திரையில் மருத்துவம் படித்தார்கள். அதே 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிய மாணவர்கள் மட்டும் 1,800க்கும் மேல். உயிரோடு வந்து சேர்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். படிப்பு என்னாவது என்ற கேள்வியோ அதன் பிறகுதான் ஆரம்பமானது.

போரையும் நோயையும் யாரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் திரும்பி வந்தால் இந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பது முன்கூட்டியே அறியக்கூடியது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகள் தெளிவாக இருக்கின்றன. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியையும் அதே கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும். ஆங்கில வழியில் கற்பிக்க வேண்டும். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக மருத்துவம் பார்க்கும் உரிமம் தரும் பட்டமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். போவதற்கு முன்பே நீட் தகுதி வேண்டும். நீட் இல்லாமல் சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, சீட் கிடைக்கும். இந்தியாவில் டாக்டராக முடியாது, அவ்வளவுதான்.

இந்த 54 மாதக் கணக்கில் அடிபட்டவர்கள் பிலிப்பைன்ஸ் சென்றவர்கள். அங்கே முதலில் இளநிலைப் பட்டம், பிறகு 48 மாத மருத்துவப் படிப்பு என்பதே அப்போதைய முறை. மொத்தம் ஆறு ஆண்டு என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். ஆணையம் கணக்கில் எடுத்ததோ மருத்துவப் படிப்பை மட்டும். அந்த 48 மாதம் போதவில்லை.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், திரும்பி வந்து ஸ்கிரீனிங் தேர்வு எழுத வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான தேர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறுவதில்லை. ஆகவே ஏஜென்டிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தக் கல்லூரியில் படித்து வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். தேறியவர், தேறாதவர் இருவரிடமும் பேசுங்கள். தேறாதவர் சொல்வதில்தான் உங்களுக்குப் பயன் அதிகம்.

அடுத்தது பணம். கட்டணத்தை டாலரில்தான் சொல்வார்கள். ஆண்டுக்கு 4,000 டாலர் என்றால், 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாய் அளவில் இருந்தபோது அது மூன்று லட்சம். டாலர் 85 ஆனபோது அதே கட்டணம் 3,40,000. ஆறு ஆண்டுக்கு ஓடும் கணக்கு இது. நம் வருமானமோ ஆர்டரைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஜாப் ஒர்க் குடும்பங்கள் பட்ட பாட்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆண்டுப் பணத்தைப் புரட்டிவிட்டு மீதிக்கு அல்லாஹ் வழி காட்டுவான் என்று புறப்படுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல்.

வட்டி பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அது ஆலிம்களின் வேலை. ஆனால் ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. வங்கிக் கல்விக் கடன் வட்டி என்று விலகுகிற குடும்பம், அதே வாரத்தில் நகையை அடகு வைத்து, மீட்டர் வட்டிக்காரரிடமும் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கிறோம். இது பேணுதல் ஆகாது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடன் வட்டிக்கு மத்திய அரசு மானியம் தந்துவந்த ‘படோ பர்தேஷ்’ திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். உறவினரிடம் கர்ளன் ஹஸனா வாங்கினால் எழுதி வாங்குங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். மாமாவிடம் வாங்கும் பணத்துக்கு எதற்குக் காகிதம் என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை தர்ஜுமாவுடன் ஓதிப் பார்க்கட்டும்.

ஏஜென்டோடு செய்யும் ஒப்பந்தமும் இதில் சேரும். எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் பணம் தராதீர்கள். கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரியின் கணக்குக்கே வங்கி வழியாக அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பிள்ளையே பல்கலைக்கழகத்துக்கு நேராக மின்னஞ்சல் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளட்டும். பஞ்சாபிலிருந்து கனடா சென்ற மாணவர்கள் பலர், படிப்பும் முடித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் தங்கள் சேர்க்கைக் கடிதமே போலி என்று அறிந்தார்கள். 2023இல் நாடு கடத்தும் உத்தரவு அவர்கள் கைக்கு வந்தது. கடிதம் தயாரித்தவர் ஏஜென்ட், தண்டனை பிள்ளைகளுக்கு. வங்கிக் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டச் சில நாளுக்குக் கைமாற்றுப் பணம் போட்டுத் தருகிறேன் என்பதும் இதே வகைதான். பிரிட்டனுக்கு அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஏமாற்று என்று கண்டால் பத்து ஆண்டுவரை விசா மறுக்கப்படலாம்.

மருத்துவம் மட்டுமே படிப்பல்ல. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் காட்டினால் போதும். 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 11,904 யூரோ என்று ஆனது. அந்தப் பணம் மாதாமாதம் பிள்ளைக்கே திரும்ப வரும். மோன்சென்கிளாட்பாக் நகரில் நீடர்ரைன் கல்லூரியின் ஜவுளித்துறை பெயர்பெற்றது. இங்கே டெக்ஸ்டைல் பட்டம் முடித்த பிள்ளைகள் அதை ஏன் விசாரிப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

கடைசியாக, பலரும் சிறியது என்று நினைக்கும் ஒன்று: பெயர். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றில் ‘ஓ’, ஆதாரில் ‘யு’, மதிப்பெண் பட்டியலில் இரட்டை ‘எம்’. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ அதன் விரிவாக வாப்பா பெயர். வெளிநாட்டு அதிகாரிக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஆட்கள். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெற்றாகவே விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது பட்ட தொல்லை துபாய் செல்வோருக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் நாளில், பிறப்புச் சான்றை எடுத்துப் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது நீண்ட அலைச்சல். ஏற்கனவே வேறுபாடு இருந்தால் அரசிதழில் வெளியிட இப்போதே விண்ணப்பியுங்கள், விசா தேதி நெருங்கிய பிறகு வேண்டாம்.

அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல், நீட் மதிப்பெண் அட்டை, பாஸ்போர்ட், ஏஜென்ட் கொடுத்த கட்டண விவரம் ஆகியவற்றின் நகல்கள் தேவை. ஏஜென்ட் எதுவும் எழுத்தில் தரவில்லை என்றால், அதை வாங்கிக்கொண்ட பிறகு வாருங்கள்.